பழைய ஹோண்டா எச்ஆர்-வி வாங்கலாமா? கோலாலம்பூரில் முதல் முறை காடி தேடுபவர்களுக்கு

நான்கு மாதம், மூன்று காடி, கைவிட்டுப் போன முன்பணம் 500 வெள்ளி. ஒரு பழைய ஹோண்டா எச்ஆர்-வி வாங்க எனக்கு ஆன கணக்கு இது, காடியின் விலையைச் சேர்க்காமல். முதலில் பார்த்தது வெள்ளத்தில் மூழ்கி எழுந்தது. இரண்டாவதன் உரிமையாளருக்கு வங்கியில் கடன் பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமலே விலை பேசி முடித்திருந்தார். மூன்றாவதைத்தான் வாங்கினேன். 2016ஆம் ஆண்டு, 1.8 வி ரகம், வெள்ளை நிறம், 98,000 கிலோமீட்டர், 52,000 வெள்ளி.

செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் மட்டும் கடந்த ஒரு வருடத்தில் நாலைந்து பேர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தே தாரே குடித்தபடி பாதிப் பாதியாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. எந்த எச்ஆர்-வி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மலேசியாவில் இந்தக் காடி 2015இல் வந்தது. 2019 தொடக்கத்தில் முகம் மாற்றிய பதிப்பு வந்தது. அதில் ஆர்எஸ் ரகமும், பின்னர் ஹைப்ரிட் ரகமும் சேர்ந்தன. 2022இல் முற்றிலும் புதிய வடிவம். அது இன்னும் விலை அதிகம் என்பதால் இந்தக் கட்டுரை 2015 முதல் 2021 வரையிலான காடிகளைப் பற்றியது.

பெட்ரோல் ரகம் எல்லாவற்றிலும் ஒரே 1.8 லிட்டர் எஞ்சின், 142 குதிரைத்திறன், சிவிடி எனப்படும் படிகள் இல்லாத தானியங்கி கியர்பெட்டி. டர்போ கிடையாது. எஞ்சினுக்குள் பெல்ட் இல்லை, செயின்தான்; லட்சம் கிலோமீட்டரில் டைமிங் பெல்ட் மாற்றும் செலவு வராது. நகரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்த எஞ்சினைத் தெரியாத ஃபோர்மேன் இருக்க மாட்டார். பழைய காடிக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஹைப்ரிட் வேறு கதை. அதில் 1.5 லிட்டர் எஞ்சின், இரட்டை கிளட்ச் கியர்பெட்டி, லித்தியம் மின்கலம். பெட்ரோல் மிச்சம் உண்மைதான். ஆனால் புதிதாக விற்றபோது மின்கலத்துக்குக் கொடுத்த உத்தரவாதம் எட்டு வருடம். 2019 காடி என்றால் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை வாங்குபவருக்கு நான் பெட்ரோலைத்தான் சொல்வேன்.

யாருக்கு இந்தக் காடி ஒத்துவராது? அம்மா அப்பாவுக்கு முதுகுவலி என்றால் அவர்களைப் பின்னால் உட்கார வைத்து தாமானில் நாலு மேடு ஏறி இறங்கிப் பாருங்கள். பின் சஸ்பென்ஷன் கொஞ்சம் முரடு. அது பழுதில்லை, காடியின் சுபாவம். என் அத்தை இன்றைக்கும் குறை சொல்கிறார்.

2. விலையோடு நின்றுவிடாமல் மொத்தச் செலவை எழுதுங்கள்

விளம்பரத்தில் உள்ள விலை பாதிக் கதைதான். ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: முன்பணம், காப்புறுதி, சாலை வரி, சோதனைக் கட்டணம், ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையில் பெயர் மாற்றம், வாங்கியதும் மாற்ற வேண்டிய எண்ணெய், டயர், பேட்டரி.

கடைசி மூன்றையும் பலர் மறந்துவிடுவார்கள். நான் வாங்கிய முதல் மாதத்திலேயே டயருக்கும் சர்வீஸுக்கும் சேர்த்து 2,700 வெள்ளி போனது. அதனால் காடி விலைக்கு மேல் குறைந்தது 3,000 வெள்ளி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லையென்றால் இன்னும் மூன்று மாதம் பொறுப்பது நல்லது.

வேலைப் பெர்மிட்டில் வந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மானிய விலை ரோன்95 மலேசியக் குடிமக்களுக்குத்தான். உங்கள் பெட்ரோல் கணக்கை மானியம் இல்லாத விலையில் போடுங்கள். வங்கிக் கடனுக்கும் உங்கள் பெர்மிட்டில் எவ்வளவு காலம் மிச்சம் என்பதைப் பார்ப்பார்கள்.

3. காடி தேடும் முன் கடனைத் தேடுங்கள்

நான் தலைகீழாகச் செய்தேன். காடி பிடித்துப்போய், முன்பணம் கட்டி, அப்புறம்தான் வங்கிக்குப் போனேன். அதற்குள் விற்பவர் நம் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்.

முதலில் பேங்க் நெகாராவின் இசிசிரிஸ் சேவையில் உங்கள் கடன் அறிக்கையை எடுங்கள், இலவசம். பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன், கடன் அட்டை என்று ஏதாவது நிலுவை இருந்தால் அதில் தெரிந்துவிடும். பிறகு இந்தத் தாள்களைத் தயார் செய்யுங்கள்:

அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கணக்கு, ஊழியர் சேமநிதி அறிக்கை. சொந்தத் தொழில் என்றால் எஸ்எஸ்எம் தொழில் பதிவு, ஆறு மாத வங்கிக் கணக்கு, வருமான வரிப் படிவம்.

பழைய காடிக்கு வட்டி புதிய காடியைவிட அதிகம். காடியின் வயது கூடக்கூடக் கடன் காலமும் சுருங்கும். வங்கி சொல்லும் விழுக்காட்டைக் கேட்டு ஏமாறாதீர்கள். உதாரணத்துக்கு 45,000 வெள்ளி கடன், 4 விழுக்காடு நிலை வட்டி, 7 வருடம். வட்டி மட்டும் 12,600 வெள்ளி; மாதத் தவணை ஏறக்குறைய 686. நிலை வட்டியில், நீங்கள் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே போடப்படுவதால், உண்மையான வருட வட்டி 7 விழுக்காட்டைத் தாண்டும். அதே கடனை 5 வருடத்தில் கட்டினால் தவணை 900, வட்டி 9,000. மாதம் 214 வெள்ளி கூடுதலாகக் கட்ட முடிந்தால் 3,600 வெள்ளி மிச்சம்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, விற்பனையாளர் விலையைத் தாளில் ஏற்றிக் காட்டி அதிகக் கடன் எடுத்துத் தருகிறேன் என்பார். வேண்டாம். இரண்டு, சம்போங் பாயார். யாரோ ஒருவர் பெயரில் உள்ள கடனை நீங்கள் தொடர்ந்து கட்டி காடியை வைத்துக்கொள்வது. முன்பணம் குறைவு என்று ஆசை வரும். வங்கியின் சம்மதம் இல்லாமல் இப்படிக் கைமாற்றுவது வாடகைக் கொள்முதல் சட்டத்துக்கு எதிரானது. காடி ஒருநாளும் உங்கள் பெயருக்கு வராது. அவர் தவணைப் பணத்தை வங்கியில் கட்டாமல் விட்டால் இழுத்துப் போவது நீங்கள் ஓட்டும் காடியைத்தான்.

4. காகிதத்தைப் பார்க்கும் வரை காடியைப் பார்க்கப் போகாதீர்கள்

நான் சொல்ல நினைப்பதில் பாதி இந்த ஒரு படிதான். காடியை நேரில் பார்த்துவிட்டால், அந்த உட்புற வாசனையும் பளபளப்பும் நம்மை மயக்கிவிடும். அதற்குப் பிறகு எந்தக் குறையும் சின்னக் குறையாகத் தெரியும். ஆகவே முதலில் வாட்சாப்பில் கேளுங்கள்.

கெரானின், அதாவது காடியின் உரிமைப் பத்திரத்தின், படம் வேண்டும். அதில் பார்க்க வேண்டியவை: உரிமையாளர் பெயர், எத்தனையாவது உரிமையாளர், தயாரித்த ஆண்டு, பதிவான தேதி, சேஸிஸ் எண், எஞ்சின் எண், வங்கி உரிமைக் கோரிக்கை இருக்கிறதா என்பது. தயாரித்த ஆண்டுக்கும் பதிவு ஆண்டுக்கும் வித்தியாசம் இருக்கலாம். 2015இல் தயாரித்து 2016இல் பதிவான காடியை 2016 விலைக்கு விற்பார்கள்.

வங்கிக் கோரிக்கை இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் வரிசை முக்கியம். விற்பவர் தன் வங்கியிடம் முழுத் தீர்வுத் தொகைக் கடிதம் வாங்க வேண்டும். உங்கள் பணமோ உங்கள் வங்கியின் பணமோ அந்தக் கடன் கணக்கிற்கு நேராகப் போக வேண்டும், விற்பவரின் சொந்தக் கணக்கிற்குப் போகக் கூடாது. கடன் தீர்ந்து வங்கி கோரிக்கையை நீக்கிய பிறகுதான் பெயர் மாற்ற முடியும். நான் பார்த்த இரண்டாவது காடியில், விலையைவிடக் கடன் பாக்கி அதிகம். மிச்சத்தை அவர் எப்படிக் கட்டுவார் என்று கேட்டேன். "நீங்க முதல்ல பணத்த போடுங்க பாஸ், நான் பாத்துக்கிறேன்" என்றார். வந்துவிட்டேன்.

அடுத்தது சர்வீஸ் பதிவு. ஹோண்டா சர்வீஸ் நிலையத்தில் செய்திருந்தால் உரிமையாளரின் ஹோண்டாடச் செயலியில் தேதியும் கிலோமீட்டரும் தெரியும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். கிலோமீட்டர் படிப்படியாக ஏற வேண்டும். 2019இல் 80,000, இப்போது 90,000 என்றால் நடுவில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கடைகளில் "ஃபுல் சர்வீஸ் ரெக்கார்ட்" என்று சொல்லிக் கண்ணாடியில் ஒட்டிய ஒரு ஸ்டிக்கரைக் காட்டுவார்கள். அது பதிவாகாது.

சம்மன் இருக்கிறதா என்பதை விற்பவர் மைபாயார் செயலியிலும் மைஜேபிஜே செயலியிலும் திறந்து காட்டட்டும். சேஸிஸ் எண் கையில் கிடைத்ததும் ஹோண்டா மலேசியாவின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய பாகம் ஏதும் பாக்கி இருந்தால் காட்டும். அந்த வேலை இலவசம்.

இதில் ஒன்றைக்கூட அனுப்ப மாட்டேன் என்பவரிடம் போக வேண்டாம். ஊரில் எச்ஆர்-விக்குப் பஞ்சமே இல்லை.

5. பகலில் போங்கள், வெள்ளத்தைத் தேடுங்கள்

மாலை ஏழு மணிக்கு, கடை விளக்கு வெளிச்சத்தில், கழுவித் துடைத்து நிறுத்திய காடியைப் பார்க்காதீர்கள். காலையில் போங்கள். நீங்கள் வருவதற்கு முன் எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் 2021 டிசம்பர் 18 மறக்கக்கூடிய தேதியா? ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் காடிகள் கூரை வரை மூழ்கிக் கிடந்தன. பினாங்கில் 2017 நவம்பரிலும் பெரிய வெள்ளம். அந்தக் காடிகளில் எத்தனை சுத்தம் செய்யப்பட்டு மறுபடி சந்தைக்கு வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எச்ஆர்-வியில் ஒரு வசதி. பெட்ரோல் தொட்டி முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால், பின் இருக்கையின் அடிப்பகுதியை மேலே மடக்கி நிறுத்த முடியும். மடக்கினால் அங்கே தரை திறந்து தெரியும். கடைக்காரர்கள் சுத்தம் செய்ய மறக்கும் இடம் அதுதான். நான் பார்த்த முதல் காடியில் அந்த இருக்கையின் இரும்புக் கால்களில் பழுப்பு நிறத்தில் துரு, கம்பளத்தின் ஓரத்தில் காய்ந்த சேறு. அதைப் பார்த்தது முன்பணம் கட்டிய பிறகு. 500 வெள்ளி திரும்பி வரவில்லை.

அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிமுனையில் நீர்க்கறை நிற்கும். முன் இருக்கைக்குக் கீழே மஞ்சள் நிற வயர் இணைப்புகள் இருக்கும், ஏர்பேக்கிற்கானவை. பச்சைப் பூப்பு இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பின்னால் உதிரிச் சக்கரத்தைத் தூக்கிப் பள்ளத்தைப் பாருங்கள். வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால், எதற்கு இவ்வளவு என்று கேளுங்கள்.

விபத்து அடையாளத்துக்கு பானெட், கதவு, முன் பக்கத் தகடு இவற்றின் போல்ட்டுகளில் பெயின்ட் கீறியிருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லாக் கண்ணாடிகளிலும் ஆண்டுக் குறி ஒத்துப்போக வேண்டும். பம்பர் மறுபடி பெயின்ட் அடித்ததெல்லாம் கோலாலம்பூரில் சகஜம், அதற்காகக் காடியைத் தள்ள வேண்டாம். தள்ள வேண்டியது, கூரைத் தூணிலோ சேஸிஸிலோ வெட்டி ஒட்டிய தடம்.

டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரித்தது. ஸ்டியரிங்கும் பிரேக் பெடலும் தேய்ந்து வழுவழுத்திருக்க மீட்டரில் 60,000 காட்டினால் நம்பாதீர்கள்.

6. ஓட்டிப் பாருங்கள், கடையைச் சுற்றி மட்டும் வேண்டாம்

குளிர்ந்த எஞ்சினில் தொடங்குங்கள். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது தாமதமோ தட்டலோ இருக்கக் கூடாது. நெரிசலில் 20 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக ஊர்ந்து செல்லுங்கள். சிவிடி நடுங்கினால் இந்த வேகத்தில்தான் தெரியும். பழைய சிவிடி எண்ணெய் காரணமாக இருக்கலாம், உள்ளே தேய்ந்தும் போயிருக்கலாம். ஓட்டிப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதனால் நடுங்கும் காடியை விட்டுவிடுவதே என் வழக்கம்.

பிறகு ஏற்றம். கோம்பாக் பக்கம் என்றால் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை ஏறித் திரும்புங்கள். விற்பவர் சம்மதித்தால் இதைவிட நல்ல சோதனை இல்லை. சத்தம் மட்டும் கூடி வேகம் வராமல் இருக்கிறதா, எஞ்சின் சூடு ஏறுகிறதா என்று பாருங்கள். திரும்பி வந்ததும் மதிய வெயிலில் எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் நிறுத்தி ஏர்கோனைக் கவனியுங்கள். நிற்கும்போது குளிர் குறைந்தால் கம்ப்ரசரோ கூலிங் காயிலோ செலவு வைக்கும், அதை விலையில் பேசலாம்.

தாமான் மேடுகளில் முன்பக்கம் டக் டக் என்றால் பெரும்பாலும் அப்சார்பரோ லிங்கோதான். பயம் வேண்டாம், பேரம் பேசுங்கள். மின் கைபிரேக்கையும் பிரேக் ஹோல்டையும் இரண்டு மூன்று முறை போட்டு எடுங்கள்.

7. உங்கள் ஃபோர்மேனைக் கூட்டிப் போங்கள்

கடைக்காரர் சொல்லும் ஃபோர்மேன் வேண்டாம், உங்கள் ஆள் வேண்டும். காடியை லிஃப்டில் ஏற்றி அடியைப் பார்த்து, கணினியைச் சொருகிப் பழுதுக் குறியீடுகளை எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு 250 வெள்ளி ஆனது. எண்ணெய்க் கசிவு, எஞ்சின் மவுண்ட் இரண்டையும் காட்டினார்; விலையில் 1,500 குறைந்தது.

8. முன்பணம்: ரசீதில் எழுதாதது எதுவும் இல்லை

"லோன் கிடைக்கலன்னா திருப்பிக் கொடுத்துருவோம்" என்று வாயால் சொன்னதைத் தாளில் எழுதி வாங்குங்கள். காடியின் எண், சேஸிஸ் எண், விலை, கடன் நிராகரிக்கப்பட்டாலோ சோதனையில் வெள்ளம், விபத்து தெரிந்தாலோ முழுப்பணம் திரும்பும் என்ற வரி, கடையின் முத்திரை. இந்த வரி இல்லாததால்தான் என் 500 வெள்ளி போனது.

விலைக்கு மேல் "பிராசசிங்", "ஹேண்ட்லிங்" என்று ஒரு தொகை வரும். எனக்கு ஒரு கடையில் 2,800 வெள்ளி என்றார்கள். அதில் என்னென்ன அடங்கும் என்று வரிவரியாக எழுதச் சொன்னதும் 1,200 ஆகிவிட்டது. பின்வரும் படிகளில் உள்ள உண்மையான கட்டணங்களைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

"ஒரு வருட எஞ்சின், கியர்பெட்டி வாரண்டி" என்றால், ஒரு முறைக்கு எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்ற தொகையைத் தாளில் தேடுங்கள்.

9. புஸ்பாகோம் சோதனை

புஸ்பாகோம் என்பது வாகனச் சோதனை நிறுவனம். பெயர் மாற்றத்துக்கு அங்கே பி5 சோதனை. 30 வெள்ளி அளவில் கட்டணம், அதோடு சேவை வரி. கடன் எடுத்தால் பி7 சோதனையும் வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். வங்சா மாஜூ, செராஸ் போன்ற இடங்களில் சனிக்கிழமை சீக்கிரம் நிரம்பிவிடும். வார நாள் காலையைப் பிடியுங்கள்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பி5 பார்ப்பது காடியின் அடையாளத்தை: சேஸிஸ் எண், எஞ்சின் எண், சட்டத்துக்கு மாறான மாற்றங்கள். "புஸ்பாகோம் பாஸ்" என்றால் கியர்பெட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அங்கே தோற்க வைக்கும் சாதாரணக் காரணம் கறுப்புக் கண்ணாடி. முன் கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் பக்கக் கதவுகளில் 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும். உரிக்கும் செலவு விற்பவருடையது என்று முன்பே பேசிவிடுங்கள்.

10. காப்புறுதி, அப்புறம் ஜேபிஜே

காப்புறுதி உங்கள் பெயரில் எடுத்த பிறகுதான் பெயர் மாற்றம். என்சிடி, அதாவது இழப்பீடு கோராத வருடங்களுக்கான கழிவு, காடியோடு வராது, ஆளோடு வருவது. பழைய காடியில் 55 விழுக்காடு சேர்த்திருந்தால் அதை இதற்கு மாற்றலாம். முதல் காடி என்றால் பூஜ்யத்திலிருந்து தொடங்கி ஒரு வருடம் கழித்து 25 விழுக்காடு. சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளம் அடங்காது, தனியாகச் சேர்க்க வேண்டும். சேருங்கள்.

ஜேபிஜேயில் பெயர் மாற்றக் கட்டணம் 100 வெள்ளி. நான் வாங்கியபோது விற்பவரும் வாங்குபவரும் அடையாள அட்டையோடு போய்க் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டியிருந்தது. நான் போனது பூடு சென்ட்ரலில் உள்ள யூடிசி அரசுச் சேவை மையம். இருவரும் ஒரே நாளில் வரும்படி பேசி, கெரான், பி5 அறிக்கை, காப்புறுதி எல்லாம் கையில் இருந்ததால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மிச்சப் பணத்தைப் பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். பெயர் மாற்றாமல் காடியை ஓட்டத் தொடங்காதீர்கள்.

காலக் கணக்கு: எனக்குக் கடன் ஒப்புதலுக்கு ஐந்து வேலை நாள், சோதனைக்கும் காப்புறுதிக்கும் நான்கு நாள், ஜேபிஜே ஒரு நாள். கடன் தீராத தனியாரிடம் வாங்கினால் இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் புதுக் காடியில் போகலாம் என்று கணக்கு போடுபவர்கள் செப்டம்பரிலேயே தேடத் தொடங்குங்கள்.

11. முதல் வாரம்

எஞ்சின் எண்ணெயையும் சிவிடி எண்ணெயையும் மாற்றிவிடுங்கள், முந்தையவர் மாற்றினேன் என்று சொன்னாலும். சிவிடிக்கு ஹோண்டாவின் எச்சிஎஃப்-2 எண்ணெய்தான், வேறு எதையும் ஊற்ற விடாதீர்கள். பிறகு ஒவ்வொரு 40,000 கிலோமீட்டருக்கும் ஒரு முறை. பேட்டரி, டயர், பிரேக் இவற்றின் நிலையையும் அன்றே எழுதிவையுங்கள்.

கடையில் வாங்கிய காடியில் சொன்னதற்கு மாறாக ஏதாவது தெரிந்து, கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கை, பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. தனியாரிடம் வாங்கியதற்கு இது பொருந்தாது. ரசீது, விளம்பரத்தின் படம், வாட்சாப் உரையாடல் எல்லாவற்றையும் காடி வாங்கிய நாளிலேயே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். விளம்பரத்தை அவர்கள் மறுநாளே நீக்கிவிடுவார்கள்.